பனைக்கு அடுத்தது

ஜூலை 12, புதன்

முபீனா சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. சத்துணவு மையத்தில் இருபத்திரண்டு வருஷமாக இத்தனை பிள்ளை, இத்தனை முட்டை என்று எழுதியே கை ஓய்ந்து கிடக்கிறது.

முபீனா நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். என் மகள் பிரின்ஸி வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் கஸ்பார் ஜூன் 27ஆம் தேதி மத்தியானம் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் தேறிவிடும், பேச்சைப் பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றார் பெரிய டாக்டர். முதல் நாலு மாதம்தான் முக்கியமாம். அக்டோபருக்குள் பேச்சு வரத் தொடங்கிவிட்டால் நல்லதாம்.

என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார் என்று தினமும் எழுதி, புதன்கிழமைதோறும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். நோட்டின் முன்பக்கத்தில் கட்டம் போட்டுவிட்டேன்: தேதி, சாப்பாடு, மாத்திரை, சொன்ன சொல். அது முபீனாவுக்கு. பின்பக்கத்திலிருந்து எழுதுகிற இது எனக்கு.

விழுவதற்கு முன்னால் கடைசியாக என்ன பேசினார் என்றும் கேட்டாள். நினைவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

கஞ்சி, அவித்த முட்டை. சொன்ன சொல்: இல்லை.

ஜூலை 15, சனி

முபீனா கொடுத்த படச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆப்பிள், ரயில், பசு, குடை. ஆப்பிளைக் காட்டியபோது, சாளை மீனைக் காட்டிச் சீலா மீன் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். ரயிலுக்கு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். குடைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் ஒரு அதிசயம். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன், கூடவே இவர் குரலும் வருகிறது. முழு ஜெபமும் தடங்கல் இல்லாமல், ராகத்தோடு. மணியைக் கீழே போட்டுவிட்டு, "தண்ணி வேணுமா, சொல்லுங்க" என்றேன். வாய் திறந்தபடி நின்றது. கண் மட்டும் கலங்கியது. நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 19, புதன்

ஜெபம் சொன்னதை முபீனாவிடம் சொன்னேன். ஆயிரம் தடவை ஒரே வரிசையில் சொன்ன வார்த்தைகள் மூளையில் வேறு அறையில் இருக்கின்றனவாம், அந்த அறைக்கதவு சேதமாகவில்லையாம். ஆசைப்பட்டதைச் சொல்ல உதவுகிற கதவுதான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு என்னைச் சுட்டிக் காட்டி, "இது யாரு, அப்பா?" என்று கேட்டாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார் என்று என்னிடம் கேட்டாள். ஏட்டி என்று கூப்பிடுவார் என்றேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமாகிறது, ஜெசிந்தா என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரி, ஏட்டி வந்தால்கூடப் போதும் என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே, நோய் வருவதற்கு முன்னாலும் இந்த மனுஷன் என்னிடம் பேசிக் கிழிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்துக்கொண்டாள்.

சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஜனவரியில் பிரின்ஸி கல்யாணம். அதிலிருந்து இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தள்ளுவார். என்ன காரணம் என்றாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை, கல்யாணத்துக்கு வீட்டுக்கு அடித்த பெயின்ட் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். இதையெல்லாம் எழுதி என்ன செய்யப் போகிறாளோ.

ஜூலை 26, புதன்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. இவரைத் தாங்கிப் பிடித்து என் தோள் விட்டுப்போயிற்று. சொன்ன சொல்: இல்லை.

ஜூலை 30, ஞாயிறு

இன்று ஒரு சொல்!

பூசை முடிந்து வந்து இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்தபடி தெளிவாக, "மலை" என்றார். நான் ஓடி வந்தேன். எந்த மலை, யார் மலை என்று கேட்டேன். மறுபடியும் "மலை". எங்கள் வீட்டு ஜன்னலில் கடல்தான் தெரியும், மலை தெரியாது. இருந்தாலும் என்ன, சொல் சொல்தானே. சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். பிரின்ஸிக்கு போன் போட்டேன், அவள் அழுதுவிட்டாள்.

ஆகஸ்ட் 5, சனி

இப்போது மூன்று சொல். "மலை. கொம்பு. பனை." எப்போதும் அதே வரிசை. பனைக்குப் பிறகு வாயைக் குவிக்கிறார், காற்று வருகிறது, சொல் வரவில்லை. இடது கையால் நாற்காலிப் பிடியை அடிக்கிறார். கொம்பு என்றாரே என்று பசுப் படத்தைக் காட்டினேன். சீட்டைப் பிடுங்கி எறிந்தார். நோயாளி என்று பார்க்காமல் நானும் நாலு வார்த்தை ஏசிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

முபீனாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஜெபத்தைப் போல இதுவும் அவர் பல தடவை சொன்ன ஒரு வரிசைதான், அதில் நாலாவது இருக்கிறது, அதைத்தான் தேடுகிறார் என்கிறாள். நாலாவதைத் தொட்டுவிட்டால் ஜெப அறையிலிருந்து பேச்சு அறைக்கு ஒரு வழி கிடைக்கும் என்று நம்புகிறாள். பனைக்கு அடுத்தது என்ன, கண்டுபிடியுங்கள் அம்மா என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இவருடைய தம்பி சந்தியாகு வந்திருந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். இப்போது அவன் கூலிக்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகிறான். காப்பி குடித்துக்கொண்டிருந்தவன், இவர் "மலை, கொம்பு, பனை" என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"மதினி, இத யாரெல்லாம் கேட்டாவ?"

நான், முபீனா, பக்கத்து வீட்டில் ஒன்றிரண்டு பேர் என்றேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"கணியம் மதினி. அண்ணனோட பாருக்குக் கணியம் சொல்லுதாரு."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கடலுக்கு அடியில் பாறைத் திட்டு இருக்கிற இடம் பார். அங்கேதான் நல்ல மீன் அடையும். மேலே தண்ணீர்தானே, கம்பு நட்டு வைக்க முடியாது. அதனால் கரையை அடையாளமாக வைக்கிறார்கள். கரையில் இருக்கிற இரண்டு பொருள் ஒன்றன் பின் ஒன்றாக நேராய் நிற்கிற வரை வள்ளத்தை நகர்த்த வேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டு பொருள் அதேபோலச் சேர வேண்டும். இரண்டு ஜோடியும் ஒரே சமயத்தில் சேர்ந்து நிற்கும் இடத்தில் வள்ளத்துக்கு நேர் கீழே பார். இந்த அடையாளத்துக்குத்தான் கணியம் என்று பெயர்.

இவர் சொல்கிற பார் சின்னது, இவருக்கு மட்டுமே தெரிந்தது. பக்கத்து ஊர்க் கோயில் கோபுரத்தைக் கடலில் கொம்பு என்பார்களாம். மலையும் கொம்பும் முதல் ஜோடி. பனையோடு சேர வேண்டியது எது என்று சந்தியாகுவுக்கும் தெரியவில்லை. கணியத்தைக் கரையில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். பெண்டாட்டியிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்களாம். நாங்கள் சந்தையில் உளறிவிடுவோமாம்.

"ஜி.பி.எஸ். மெசின்ல பதிஞ்சு வைங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். பதிஞ்சா நாளைக்கே ஊரு பூரா அங்கன வந்து தூண்டில் போடும்பாரு. அங்க போகும்போது என்னையே கடலப் பாத்துத் திரும்பி உக்காரச் சொல்லிருவாரு, மதினி. கூடப்பொறந்த தம்பிய."

இந்த வருஷம் ஒருநாள்கூட அந்தப் பாருக்குப் போகவில்லையாம். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுந்தாராம். எரிந்து விழுவது அவருக்குப் பழக்கம்தான் என்று சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். பூசை முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரமாக ஒரு நடை நடந்தேன். பனை இருக்கிறது, கல்லறைத் தோட்டத்துக்குக் கிழக்கே ஒற்றையாய் நிற்குமே, அதுதான். அதற்கு அடுத்து என்ன? ஐஸ் கம்பெனி, செல்போன் டவர், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், கரண்ட் எடுக்கிற காற்றாடி. எல்லாவற்றையும் கையில் எழுதிக்கொண்டு வந்து இவரிடம் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். காற்றாடிக்குச் சிரித்தார். விழுந்த பிறகு முதல் சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு சிரிப்புதான்.

நானும் கடற்கரையில் பிறந்தவள்தான். கரைக்கு எங்களிடம் எத்தனை பெயர்! ஈர மணல், சுடு மணல், கருவாட்டு மேடு, ஓடை வாய், தேரி, அலை வந்து திரும்புகிற இடத்துக்கு அலைவாய். எல்லாம் கால் அறிந்த பெயர்கள். எது சுடும், எது வழுக்கும், எங்கே முள் கிடக்கும் என்றுதான் நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். இவர்களுடைய கரையில் கால் வைக்கவே இடம் இல்லை. உயரமாக இருப்பது, வெளுப்பாக இருப்பது, ஒன்றோடு ஒன்று சேருவது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டு, இவர் பார்க்கிற ஊரை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மோசமான நாள். சீட்டுகளை எல்லாம் முற்றத்தில் எறிந்தார். பொறுக்கவில்லை, அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் நான்தான் பொறுக்கினேன்.

செப்டம்பர் 6, புதன்

இரண்டு மாதம் முடிந்துவிட்டது. "தண்ணி", "வா", "போ" வருகின்றன. "இது யாரு?" என்றால் இன்னும் ஜன்னலைத்தான் பார்க்கிறார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று முபீனாவிடம் சொன்னேன்.

அவள், அவரைக் கடலுக்குக் கூட்டிப் போக முடியுமா, அந்தக் கரையைக் கண்ணால் பார்த்தால் நாலாவது வரலாம் என்றாள். நானும் கூடப் போய் அவர் சொல்வதை எழுத வேண்டுமாம். பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை அம்மா, எங்கள் ஊரில் வழக்கம் இல்லை என்றேன். உடனே ஒரு சீட்டை எடுத்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள்: நோயாளியைப் படகில் அழைத்துச் சென்று கரையைப் பார்க்கச் செய்யவும், மனைவி கட்டாயம் உடன் செல்லவும். மாத்திரைச் சீட்டு மாதிரியே இருக்கிறது. காலை ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதாததுதான் குறை.

செப்டம்பர் 14, வியாழன்

காற்று. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் நின்றபாடில்லை. இந்த ஆட்டத்தில் நோயாளியை ஏற்ற முடியாது என்கிறான் சந்தியாகு.

செப்டம்பர் 23, சனி

காற்று.

செப்டம்பர் 29, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கொடியில் போட்ட சேலை இன்று கொடியிலேயே இருந்தது.

அக்டோபர் 4, புதன்

ஆஸ்பத்திரிக்கு விடுப்பு, பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு. காலை ஆறு மணிக்குக் கடலுக்குப் போனோம்.

பிளாஸ்டிக் நாற்காலியை வள்ளத்தின் நடுவில் கயிற்றால் கட்டி, இவரை நாலு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். நான் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றதும் கரையில் வலை பிரித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர், இது என்ன புது வழக்கம் என்றார். முபீனாவின் சீட்டை நீட்டினேன். முத்திரையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரே தள்ளிவிடக் கை கொடுத்தார்.

இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அரை மணி நேரம் போன பிறகு, இப்ப திரும்பிப் பாருங்க மதினி என்றான் சந்தியாகு.

நம் ஊர் என்று சொன்னதால்தான் ஊர் என்று நம்பினேன். இத்தனை தெரு, இத்தனை சண்டை, இத்தனை கல்யாணம், எல்லாம் ஒரு விரல் கனத்தில் கோடாகக் கிடந்தது. பின்னால் மலை, நான் ஊருக்குள் இருந்து பார்க்காத உயரத்தில். நேற்று வரை என் தலைக்கு மேல் நின்ற தண்ணீர்த் தொட்டி ஒரு புள்ளி. இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இடது கையைத் தூக்கினார்.

"மலை. கொம்பு."

மலைக்கு நேரே கோபுரம் வந்து நின்றது. சந்தியாகு எஞ்சினைக் குறைத்தான். கை மெல்லக் கிழக்கே நகர்ந்தது. "பனை." பனை தெரிந்தது, கரையில் குத்தி வைத்த ஈர்க்குச்சி போல. கை இன்னும் நகர்ந்தது. பனைக்குப் பக்கத்தில் தேடியது. முன்னே போயிற்று, பின்னே வந்தது. பிறகு மடியில் விழுந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எதையாவது பேச வேண்டுமே என்று, நம்ம வீடு எங்கே என்று சந்தியாகுவிடம் கேட்டேன். அவனும் தேடினான்.

"இப்ப தெரியாது மதினி. முன்ன பளிச்சினு தெரியும். பின்னால பனங்காடு, முன்னால உடைமரம், இப்ப பச்சையோட பச்சையா போயிட்டு. வருஷாவருஷம் நீங்க ஏணில ஏறி வெள்ளையடிப்பியள்லா, அது இங்கன இருந்தே தெரியும். அன்னைக்கு மட்டும் அண்ணன் எஞ்சின அமத்திட்டுக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருப்பாரு."

கரைக்கு வருகிற வரைக்கும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 5, வியாழன்

முபீனா கேட்டதற்கு நினைவில்லை என்று சொன்னேனே, அது பொய். நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கடலைப் பார்த்த சுவருக்கு இருபது வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நானே வெள்ளையடிப்பேன். பிரின்ஸி கல்யாணத்துக்கு ஆள் வைத்து முழு வீட்டுக்கும் கிளிப்பச்சை அடித்தேன். இவர் அப்போது ஒரு வாரம் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார். வந்து இறங்கியவர் சுவரைப் பார்த்தபடி கரையிலேயே நின்றார். யாரைக் கேட்டு அடித்தாய் என்றார். கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டதால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் சம்பளத்தில் நான் அடித்தேன் என்றேன். அதோடு அவர் வாய் அடைத்துவிட்டது.

ஜூன் 27 காலையில், அஞ்சு மாதம் கழித்து, அவராக வந்து அடுக்களை வாசலில் நின்றார். "ஏட்டி, அந்தச் செவுத்துக்கு மட்டும் மறுபடி வெள்ளையடி" என்றார். அதட்டலாக இல்லை. கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வெளிய நின்னு பாக்கறவியளுக்கு என்ன, வீட்டுக்குள்ள கெடக்குறது நானு" என்று சொல்லிவிட்டு முட்டை எண்ணப் போய்விட்டேன். மத்தியானம் கரையிலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள்.

ரத்த அழுத்தத்தால் வந்தது, யார் பேச்சாலும் வரவில்லை என்று டாக்டர் சொல்கிறார். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன. அவர் இருபது வருஷமாகப் பார்த்துத் திரும்புகிற அடையாளத்தை நான் கல்யாணக் கலரில் அழித்துவிட்டேன். அது கணியம் என்று அவரால் சொல்ல முடியவில்லை, கரையில் சொல்லக் கூடாதாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சுண்ணாம்பைக் கரைத்திருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பாரோ என்னவோ. இரண்டு பேரும் நல்ல ஜோடி.

அக்டோபர் 7, சனி

பச்சையின் மேல் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும் என்றான் பெயின்ட் கடைக்காரன். தகடு வைத்துச் சுரண்டிவிட்டு வெள்ளை சிமென்ட் அடிக்க வேண்டும். பொழுது விடிந்ததிலிருந்து சுரண்டுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏணி கொஞ்சம் உயரமாகத்தான் தெரிகிறது.

பத்து மணி சுமாருக்கு இவர் தடியை ஊன்றி வெளியே வந்தார். ஏணியைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி ஜாடை காட்டினார். உட்கார்ந்தபடியே இடது கையால் சுவரின் கீழ்ப் பகுதியைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். நான் மேலே, அவர் கீழே. பச்சைத் தூள் அவர் தலை முழுக்க விழுந்தது. ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த அஞ்சு மாதத்துப் பேசாமை இல்லை இது.

பிரின்ஸி வீடியோவில் கூப்பிட்டு, அம்மா என் கல்யாணக் கலர் என்று கத்தினாள். உன் கல்யாணம் நன்றாகத்தான் நிற்கிறது, சுவரை விடு என்றேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

மூன்று கை அடித்தாயிற்று. வெயிலில் கண் கூசுகிறது. பக்கத்து வீட்டுக்காரி, ஒரு சுவர் மட்டும் என்ன விதவைச் சேலை மாதிரி என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

அக்டோபர் 14, சனி

இன்று எழுத வேண்டியதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மறுபடியும் மூன்று பேரும் போனோம். கரையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. போகும்போது நான் திரும்பிப் பார்க்கவே இல்லை, பயமாக இருந்தது. அடித்த வெள்ளை போதவில்லை என்றால் என்ன செய்வது, அவருக்கு இன்னமும் வராவிட்டால் என்ன செய்வது என்று பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

"மலை," என்றார். "கொம்பு."

எஞ்சின் சத்தம் தணிந்தது. வள்ளம் ஓரமாக நகர்ந்தது.

"பனை."

அப்போதுதான் திரும்பினேன். பனங்காட்டின் கருப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், பல் முளைத்த மாதிரி. என் சுவர். நான் ஏறி இறங்கிச் சுரண்டி அடித்த சுவர். வள்ளம் நகர நகரப் பனை அதை நோக்கிப் போயிற்று. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பனை போய் வெள்ளையின் நடுவில் நேராக நின்றது.

இவர் கையைத் தூக்கி நிறுத்தினார். வாயைக் குவித்தார். காற்று வந்தது. சந்தியாகு எஞ்சினை அணைத்தான்.

"செசி," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் கரையைப் பார்த்துத்தான் சொன்னார். மலை, கொம்பு, பனை என்று சொன்ன அதே குரலில், அதே வரிசையில், நாலாவதாக. மறுபடியும் சொன்னார், "செசி." அந்தச் சுவருக்கு அவர் வைத்திருந்த பெயர் அது, ஜெசிந்தாவைச் சுருக்கிச் செசி. முப்பத்தோரு வருஷம் வீட்டில் ஏட்டி, ஏட்டி என்று கூப்பிட்ட மனுஷன், இங்கே வந்து நின்று என் பெயரைச் சொல்லித்தான் பாரைக் கண்டுபிடித்திருக்கிறார். தம்பியைத் திரும்பி உட்காரச் சொன்னதும் இதைச் சொல்லத்தானா என்று கேட்டால், சந்தியாகு தூண்டிலில் இரை கோப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தான்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முபீனா கேட்கிற மாதிரியே என் நெஞ்சில் விரலை வைத்து, "இது யாரு?" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். இடது கை எழுந்து வெள்ளையைக் காட்டியது, அப்படியே வந்து என்னைக் காட்டியது. கோணிய வாயில் சிரிப்பு.

"செசி. பாரு."

பார் கீழே இருக்கிறது என்றாரா, பார்த்துக்கொள் என்றாரா, நான் கேட்கவில்லை. தூண்டில் அதற்குள் இழுத்தது. பெரிய கலவா மீன். இவர் இடது கையைக் கொடுத்தார், நானும் பிடித்தேன், வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதில் எனக்கு வாந்திகூட வரவில்லை.

திரும்பும்போது சந்தியாகு சட்டைப் பையிலிருந்து மெசினை எடுத்து, அண்ணே, இப்பவாவது பதிஞ்சுக்கிடட்டா என்றான். இவர் தலையசைத்தார், இல்லை என்று. நானும் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு புது நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன். இந்த நோட்டில் கணியம் முழுவதும் இருக்கிறது, இதை யாருக்கும் காட்ட முடியாது. பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டப் போகிறேன். புதன்கிழமை முபீனாவுக்குக் கொண்டுபோக, புது நோட்டில் இன்றைக்கு உள்ளதை மட்டும் எழுதிவிட்டேன்.

சாப்பாடு: சோறு, கலவாக் குழம்பு. மாத்திரை: போட்டாயிற்று. சொன்ன சொல்: என் பெயர்.